ஹுவா ஹினில் ஆண்டுக்கணக்கில் தங்குவது: விசாவைத் தாண்டி எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

நெய்தலான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 57, என் மனைவிக்கு 48. நான் பணியிலிருந்து விலகிவிட்டேன். பிள்ளைகள் இருவரும் தத்தம் வேலையில் நிலைபெற்றுவிட்டார்கள். சென்ற ஜனவரியில் தாய்லாந்தின் ஹுவா ஹினில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். காலையில் நீண்ட கடற்கரையில் நடை, மாலையில் இரவுச் சந்தை, வெயிலின் கடுமை தெரியாத காற்று, எங்கும் அடக்கமாகப் பேசும் மனிதர்கள் என்று எல்லாமே பிடித்துப்போயிற்று. திரும்பி வந்த நாள் முதல், ஆண்டில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தால் என்ன என்ற பேச்சுதான் வீட்டில் நடக்கிறது.

விசா வகைகளைப் பற்றி இணையத்தில் நிறையப் படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான ஓய்வுக்கால அனுமதியே எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. மனைவிக்கு அந்த வயது ஆகவில்லை என்பதால் அவருக்கு என்ன வழி என்பது தெளிவாகவில்லை. அங்கே அறிமுகமான ஒரு வீட்டுத் தரகர், வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று சொல்லி, மலையடிவாரப் பக்கம் நீச்சல்குளத்துடன் கூடிய ஒரு தனி வீட்டைக் காட்டினார். நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நிறுவனம் உங்கள் கையில் இருக்கும் என்றார்.

சுற்றுலாப் பயணியாகப் பார்த்த ஊருக்கும், மளிகையும் மருந்தும் வாங்கி, நோய்வாய்ப்பட்டு, மின்கட்டணம் செலுத்தி வாழப்போகும் ஊருக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்பதுதான் என் அடிப்படைக் கேள்வி. ஹுவா ஹினிலோ, அதுபோன்ற வேறு வெப்பமண்டலக் கடற்கரை ஊரிலோ நெடுங்காலம் தங்கியிருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாலுமி எழுதியது:

நெய்தலான் ஐயா, பல ஆண்டுகளாக ஹுவா ஹினில் இருப்பவன் என்ற முறையில் முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சலிப்பான பகுதிதான், ஆனால் அதில் கோட்டைவிட்டவர்கள் பலரும் கடற்கரையை ரசிக்கும் நிலையில் இல்லை.

தாய்லாந்து அரசின் பார்வையில் நீங்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்ட ஒருவர்தான். ஓய்வுக்கால அனுமதி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது, குடியேறாதோருக்கான ஓ வகை விசாவில் நுழைந்து, பின்னர் ஓராண்டுக்குத் தங்கும் காலத்தை நீட்டித்துக்கொள்வதாகும். அந்த நீட்டிப்பு தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை; ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பித்து, 1,900 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம் செலுத்தி, தகுதியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும். தகுதி என்பது பெரும்பாலும் பணம்தான். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானத்தைக் காட்ட வேண்டும், அல்லது இரண்டையும் கலந்து ஆண்டுக்கு 8 லட்சம் பாட் வரும்படி செய்யலாம். வைப்புத்தொகை வழியில் போனால் விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் இருப்பு 4 லட்சம் பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆகவே அந்த 8 லட்சத்தைச் செலவுக்கான பணமாக எண்ணாதீர்கள். அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முடங்கிக் கிடக்கும் பணம்.

தங்கள் துணைவியாருக்கு வயது ஒரு தடையன்று. தங்களைச் சார்ந்தவர் என்ற அடிப்படையில் அவருக்கும் நீட்டிப்பு கிடைக்கும். திருமணப் பதிவுச் சான்றிதழை முறையாகச் சான்றுறுதி செய்து கொண்டுவர வேண்டும். அந்தச் சான்றுறுதி வேலையை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் அதற்காக அலைவது பெரும்பாடு.

இதன் பிறகு சிறு கடமைகள் சில உண்டு. வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், டி.எம். 30 என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கடமை உரிமையாளருடையது என்றாலும், அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நீட்டிப்புக்குப் போகும்போது திருப்பி அனுப்பப்படுபவர் நீங்கள்தான். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே அதைச் செய்து தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தயங்குபவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நாட்டைவிட்டு வெளியேறாமல் தொடர்ந்து 90 நாள் இருந்தால், இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அறிக்கையைத் தர வேண்டும். குறித்த நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை தரலாம், இணையவழியிலும் தரலாம். இந்த அறிக்கை தங்கும் காலத்தை நீட்டிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, அனுமதி முடிந்தபின்னும் நிம்மதியாகத் தங்கி, நாளொன்றுக்கு 500 பாட் என்ற கணக்கில் தண்டம் கட்டியவர்களை நான் அறிவேன். அந்தத் தண்டத்தின் உச்சவரம்பு 20,000 பாட்; 90 நாளுக்கு மேல் போனால் பணத்தோடு முடியாது, மீண்டும் நுழையத் தடையும் சேர்ந்து வரும்.

இன்னொன்று: நீட்டிப்பு கையில் இருக்கும்போது இடையில் ஊருக்குப் போய்வர விரும்பினால், புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். அது இல்லாமல் விமானம் ஏறினால் அந்த நீட்டிப்பு அத்துடன் போயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பி வரும்போது, 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புவதையும் மறக்க வேண்டாம்.

வரியைப் பற்றி ஒரு வரி. ஓர் ஆண்டில் 180 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே இருந்தால் வரி நோக்கில் நீங்கள் இந்நாட்டில் வசிப்பவர். வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு என்ற விளக்கம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் சேர்த்த சேமிப்புக்கு அது பொருந்தாது. எனவே 2023 இறுதியில் உங்கள் கணக்குகளில் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் வங்கி அறிக்கைகளைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். மற்றதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

தென்றல்வீதி எழுதியது:

மாலுமி அண்ணன் சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் அவை ஆண்டில் சில நாள்களுக்கான வேலைகள். மீதி நாள்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். நான் ஹுவா ஹினில் நெடுங்காலம் இருந்துவிட்டு, வெறுப்பு எதுவும் இல்லாமல், இப்போது வேறு ஊருக்கு வந்துவிட்டவன்.

நீங்கள் பார்த்தது ஜனவரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்த ஊருக்கு ஒரு முகம். ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் முதியவர்களால் கடைகளும் கஃபேக்களும் நிறைந்திருக்கும். மார்ச் இறுதியில் அவர்கள் கிளம்பிப்போவார்கள். ஏப்ரலில் வெப்பம் உச்சத்துக்கு ஏறும். காலை ஒன்பது மணிக்கே கடற்கரை நடை முடிந்துவிடும், பிறகு மாலைவரை குளிரூட்டிய அறைக்குள் அடைந்து கிடப்பீர்கள். மே முதல் மழைக்காலம் என்று பெயர் இருந்தாலும், மேற்கே மியன்மார் எல்லையாக நிற்கும் தெனாசெரிம் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைப் பெரிதும் தடுத்துவிடுவதால், மலைக்கு அப்பால் உள்ள புக்கெட்டில் கொட்டுவதுபோல் இங்கே கொட்டாது. மலைக்கு அந்தப் பக்கம் அந்தமான் கடலில் குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும் நாள்களில் இங்கே கடல் குளம்போல் கிடப்பதும் உண்டு. இங்கே உண்மையான மழை செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை. தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் அவ்வப்போது போகும். அது ஓய்ந்து வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அலை உயரும், ஓதம் ஏறும் நேரத்தில் கடற்கரையின் சில பகுதிகளில் நடக்க மணலே மிஞ்சாது. பட்டம் இழுக்க அலைமேல் சறுக்கி விளையாடுபவர்கள் அந்தக் காற்றைத் தேடியே வருகிறார்கள்.

வாரத்துக்கும் ஒரு தாளம் உண்டு. பாங்காக்கிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை ஊர் பாங்காக் குடும்பங்களுக்குச் சொந்தம். பெட்காசெம் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். 1911-இல் தெற்கு நோக்கிய ரயில் பாதை வந்த பிறகு, அரச குடும்பத்தினரும் பாங்காக்கின் வசதி படைத்தவர்களும் கடற்காற்று வாங்க வந்து உருவாக்கிய ஊர் இது. ரயில்வே விடுதி 1920-களில் கட்டப்பட்டது, அரண்மனையும் அந்தப் பதிற்றாண்டின் இறுதிதான். அதாவது, வெளிநாட்டவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது தாய்லாந்து மக்களின் விடுமுறை ஊர். பட்டாயாவிலிருந்து இது வேறுபடுவது இதனால்தான் என்பது என் எண்ணம். இங்கே நீங்கள் ஊரின் நடுநாயகம் அல்ல. அது எனக்குப் பிடித்திருந்தது, பிடிக்காமல் போனவர்களும் உண்டு.

இனி, நாள்கள். வேலை செய்யக்கூடாது என்பதை எல்லோரும் ஊதியத்தோடு தொடர்புபடுத்தியே புரிந்துகொள்கிறார்கள். இந்த நாட்டில் பணி அனுமதிச் சட்டம் ஊதியமில்லாத் தொண்டையும் தொடும். பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், தெருநாய்க் காப்பகத்தில் உதவுகிறேன் என்று உற்சாகமாகக் கிளம்பும் முன் அந்த அமைப்பிடம் உங்களுக்கு அனுமதி வாங்கித் தருவார்களா என்று கேட்க வேண்டும். இதன் விளைவு என்னவென்றால், நாற்பது ஆண்டு உழைத்த ஒருவர் திடீரென்று எவருக்கும் தேவைப்படாதவராக ஆகிவிடுகிறார், அதுவும் அழகான ஓர் ஊரில். முதல் ஆண்டு அது விடுதலையாகத் தெரியும். அதன் பிறகு, பகல் பதினொரு மணிக்கே பீர் புட்டியோடு உட்கார்ந்து, நேற்றுச் சொன்ன அதே குறையை (குடிவரவு அலுவலகம், நாணய மாற்று விகிதம், பழைய நாள்களில் எல்லாம் எவ்வளவு மலிவு) இன்றும் சொல்லும் ஒரு மேசையில் நீங்களும் ஒரு நாற்காலியைப் பிடித்துவிடக்கூடும். அந்த மேசை எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மாற்று, அந்த நாட்டு மொழியைக் கற்பது. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள், 44 மெய்யெழுத்துகள் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். நமக்கு அதில் ஒரு சிறு சலுகை உண்டு: தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது, உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் முறை மேல்நாட்டவரைத் திணறடிப்பதுபோல் நம்மைத் திணறடிப்பதில்லை. தொனிதான் கடினம். ஓர் ஆண்டு ஒழுங்காகப் படித்தால் பெயர்ப்பலகையும் உணவுப்பட்டியலும் படிக்க வரும். அதன் பிறகு சந்தையில் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு நேரடியான தொடர்பில்லை என்றாலும் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஊரில் நம்மைவிட நெடுங்காலமாகத் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் கட்டட வேலையிலும் மீன்பிடித் தொழிலிலும் இருக்கும் மியன்மார்த் தொழிலாளர்கள். உங்கள் அடுக்ககத்தின் நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர்களுக்கு இளஞ்சிவப்பு நிற அடையாள அட்டை, நமக்கு விசா முத்திரை. வரிசை வேறு, அலுவலகம் ஒன்றே. குடிவரவு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது என்று நம்மவர் எவரேனும் கொதிக்கும்போது எனக்கு அந்த இன்னொரு வரிசைதான் நினைவுக்கு வரும்.

நெய்தலான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தென்றல்வீதி அவர்கள் சொன்ன மேசையை நாங்களும் அங்கே பார்த்தோம். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. தரகர் காட்டிய வீட்டைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லையே? என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: எல்லாம் கணவரின் பெயரிலும் கணவரின் அனுமதியைச் சார்ந்தும் இருக்கும்போது, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் என் நிலை என்ன?

மாலுமி எழுதியது:

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க 1954-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் இடம் தருவதில்லை. பெயரளவில் தாய்லாந்துப் பங்குதாரர்களை வைத்து நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் நிலம் வாங்குவது சட்டத்தை ஏய்ப்பது. நிறுவனம் உங்கள் கையில் இருக்கும் என்று தரகர் சொன்னாரே, அந்தச் சொற்களைத்தான் விசாரணை அதிகாரிகளும் தேடுகிறார்கள். குத்தகை எடுக்கலாம், மூன்றாண்டுக்கு மேற்பட்டதென்றால் நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், உச்சகாலம் 30 ஆண்டு. முப்பது முப்பதாக மூன்று முறை புதுப்பித்துத் தருவோம் என்ற வாக்குறுதியை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சட்டப்படி உங்கள் பெயரிலேயே வாங்கக்கூடியது காண்டோ அடுக்ககத்தில் ஒரு வீடு. ஒரு கட்டடத்தின் மொத்த விற்பனைப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் உடைமையாக இருக்கலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருப்பதே நல்லது. கடற்கரை ஊர்களில் வாங்குவது எளிது, விற்பது கடினம். பக்கத்து மனையில் புதிய கட்டடம் எழும்பும்போது உங்கள் பழைய கட்டடத்தின் மறுவிற்பனை மதிப்பு என்னவாகும் என்பதை அந்தத் தரகரிடமே கேட்டுப் பாருங்கள். நாங்கள் ஊருக்குப் போகும் மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கும் கூடாது. உரிமமின்றி 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது விடுதிச் சட்டத்துக்கு எதிரானது.

வாடகை வீடு பார்க்கும்போது மின்சாரக் கட்டணத்தைக் கட்டாயம் கேளுங்கள். மாகாண மின்சார ஆணையத்துக்கு நேரடியாகச் செலுத்தினால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 பாட்தான். உரிமையாளர் வழியாகச் செலுத்தும் சில கட்டடங்களில் 7, 8 பாட் வரை வாங்குகிறார்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் குளிரூட்டி ஓடும்போது இந்த வேறுபாடு வாடகையைப் போலவே கனக்கும். ஓராண்டு ஒப்பந்தமென்றால் மாத வாடகை கணிசமாகக் குறையும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டைக் கூடுதல் வாடகைக்கு விட முடியும் என்பதால், சில உரிமையாளர்கள் அக்டோபர் வரைக்கும்தான் ஒப்பந்தம் போட முன்வருவார்கள். அந்த மாதங்களும் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கயல் எழுதியது:

அக்காவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த உரையாடலில் மிகவும் தேவையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நானும் கணவரைச் சார்ந்த அனுமதியில் பல ஆண்டுகளாக இங்கே இருப்பவள்.

கணவர் இறந்துவிட்டால், சார்ந்தவர் என்ற அடிப்படை அன்றோடு இல்லாமல் போகிறது. ஐம்பது வயது நிறைந்திருந்தால் சொந்தப் பெயரில் ஓய்வுக்கால நீட்டிப்புக்கு மாறலாம், ஆனால் அதற்கு உங்கள் சொந்தப் பெயரில் அதே வைப்புத்தொகை வேண்டும். அந்தப் பணமோ கணவரின் கணக்கில் இருக்கும். இறப்புச் செய்தி வங்கிக்குப் போனதும், நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும்வரை அந்தக் கணக்கிலிருந்து ஒரு பாட்கூட எடுக்க முடியாது. எங்கள் குடியிருப்பிலிருந்த ஒரு பெண்மணி இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டார். கணவரின் வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் அவரிடம் இருந்தன. ஆனால் இறந்தவரின் கணக்கிலிருந்து அப்படி எடுப்பது குற்றமாகிவிடும் என்று வழக்குரைஞர் எச்சரித்ததால் அவர் தொடவில்லை. இறுதிச்சடங்குக்கும் விமானச் சீட்டுக்கும் அண்டை வீட்டார்தான் கைகொடுத்தார்கள்.

ஆகவே, அக்கா, நான்கு காரியங்களை இங்கே வந்த முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும், அதில் சில மாதச் செலவுக்கான தொகை எப்போதும் இருக்க வேண்டும். மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பிறர் பெயரிலான கணக்குகளைப் பயன்படுத்தும் குற்றங்கள் பெருகிய பிறகு வங்கிகள் வெளிநாட்டவருக்குக் கணக்குத் தொடங்குவதில் மிகவும் கண்டிப்பாகிவிட்டன. நெடுங்கால விசாவும் குடிவரவு அலுவலகத்தின் இருப்பிடச் சான்றும் இருந்தால் வேலை எளிதாகும், ஒரு கிளை மறுத்தால் இன்னொரு கிளையில் கேளுங்கள். இரண்டாவது, இங்குள்ள சொத்துகளுக்கு மட்டுமான உயில் ஒன்றைத் தாய்லாந்து மொழியில், உள்ளூர் வழக்குரைஞர் வழியாக, இருவரும் தனித்தனியே எழுதி நிர்வாகியின் பெயரைக் குறிப்பிட்டுவிட வேண்டும்; அப்போதும் நீதிமன்றம் போகத்தான் வேண்டும், ஆனால் காலம் குறையும். மூன்றாவது, வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இடம்பெறட்டும். நான்காவது, ஐம்பது வயது நிறைந்ததும், பணவசதி இருந்தால், உங்கள் சொந்தத் தகுதியிலேயே நீட்டிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் ஒரு வசதி.

மருத்துவத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஹுவா ஹினில் அரசு மருத்துவமனையும் உண்டு, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. தனியாரில் கவனிப்பு நேர்த்தியானது, கட்டணமும் அதற்கேற்ப. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணப் பட்டியல் இருந்தாலும் தனியாரைவிடப் பெரிதும் குறைவு, காத்திருக்கத்தான் வேண்டும். ஓ வகைக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் பலர் காப்பீடே இல்லாமல் இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியபின் புதிதாகக் காப்பீடு எடுக்கப் போனால் இருக்கும் நோய்களையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். ஐயாவுக்கு இப்போது 57. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெண்களுக்கு இந்த ஊர் எப்படி என்று அக்கா கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரவில் தனியே நடக்க எனக்கு ஒருபோதும் அச்சம் இருந்ததில்லை. தனிமைதான் வேறு வகையில் வருகிறது. வெளிநாட்டவர் கூட்டங்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுடைய துணைவியர் பலர் தாய்லாந்துப் பெண்கள், தங்கள் உறவு, தங்கள் மொழி என்று அவர்களுக்கு ஓர் உலகம் உண்டு. இடையில் நிற்பவர் நம்மைப் போன்றவர்தான். எனக்குக் கைகொடுத்தது காலைச் சந்தை. தினமும் ஒரே கடையில் கீரையும் காயும் வாங்கினால் மூன்றாவது மாதத்தில் உங்களை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள், ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் கேட்பார்கள். சைவ உணவுக்காரர் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றாமல் சமைப்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

கலங்கரை எழுதியது:

நான் புக்கெட்டில் இருப்பவன், வயதிலும் இளையவன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இணையவழியில் வேலை செய்கிறேன். ஐம்பது நிறையாதவர்கள் எவரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக: என்னைப்போல் இணையவழியில் வேலை செய்பவர்கள் போன்றோருக்காக 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட டி.டி.வி. விசா ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தங்கலாம், 5 லட்சம் பாட்டுக்கு இணையான சேமிப்பைக் காட்ட வேண்டும். தாய்லாந்து நிறுவனத்துக்கு வேலை செய்ய அது இடம் தராது. அதே மாதத்தில்தான் இந்தியா உட்பட 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்கும் வந்தது. அந்த விலக்கு எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது என்பதால், அதை நம்பி எல்லைக்குப் போய்த் திரும்பி வந்தபடியே வாழலாம் என்று எவரும் திட்டமிட வேண்டாம். சில முறைக்குப் பிறகு குடிவரவு அதிகாரி கேள்வி கேட்கத் தொடங்குவார்.

தென்றல்வீதி அண்ணன் கடலைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மே முதல் அக்டோபர் வரை எங்கள் பக்கக் கடற்கரைகளில் இழுப்பு நீரோட்டத்தில் சிக்கி உயிரிழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், பெரும்பாலும் சிவப்புக் கொடியைப் பொருட்படுத்தாதவர்கள். ஆனால் நெடுங்காலம் தங்குபவர்களின் உயிருக்குக் கடலைவிடப் பெரிய ஆபத்து ஸ்கூட்டர். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். வாடகைக்கு விடுபவர் கடவுச்சீட்டின் நகலை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார், உரிமம் இருக்கிறதா என்று கேட்கவே மாட்டார். விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனம்தான் கேட்கும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வண்டிக்கான முத்திரை இல்லையென்றால் மருத்துவச் செலவை ஏற்க மறுத்துவிடுவார்கள். நெடுங்காலம் இருப்பதென்றால் தாய்லாந்து ஓட்டுநர் உரிமமே வாங்கிவிடுங்கள். முதலில் இரண்டாண்டுக்கு, பிறகு ஐந்தாண்டுக்குத் தருவார்கள். தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அதைக் காட்டினால் சில நேரம் உள்ளூர்க் கட்டணமே வாங்கிக்கொள்வார்கள் என்பது கூடுதல் இலாபம்.

நெய்தலான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தரகருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டோம். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, விசா விதி இடம் தரும் நாள்களுக்கு மிகாமல், வாடகைக்கு ஒரு காண்டோ எடுத்து, மழையில் அந்த ஊரைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த இரண்டு மாதத்துக்கும் டி.எம். 30 தேவைப்படுமா? மனைவிக்குத் தனி வங்கிக் கணக்கு அப்போதே தொடங்க முடியுமா?

மாலுமி எழுதியது:

டி.எம். 30 எத்தனை நாள் தங்கினாலும் தேவை. விடுதியென்றால் அவர்களே செய்துவிடுவார்கள், தனியார் காண்டோ என்றால் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு சுற்றுலாப் பயணியாக வந்திருக்கும்போது கிடைப்பது மிகவும் அரிது. கட்டணம் பெற்றுக்கொண்டு வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் முன்வந்தால் ஏற்காதீர்கள், ஓ வகை விசாவில் வந்தபின் இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போகலாம். அக்டோபரில் வருவதென்றால் காண்டோவைத் தரைத்தளத்தில் எடுக்க வேண்டாம்.